வாரியம் வராத கூட்டம்

மாநில இணையப் பொதுப் பள்ளிகள் மேற்பார்வை வாரியத்தின் நவம்பர் மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஆஷ்பெர்ரி கவுண்டி என்ற மாவட்டத்தைச் சேர்ந்த செல்வி அகஸ்டா டெல்மர், அவருடைய தம்பி மகள் டெசா டெல்மர், கதவைத் திறந்து விளக்கைப் போட்ட காவலாளி ஆல்வின். வேறு யாரும் வரவில்லை. வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும் தாங்களும் வந்திருந்ததாக இன்றுவரை சொல்லிவருகிறார்கள். ஒரு குடும்பத்தின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

டெல்மர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டதில்லை. அகஸ்டாவின் தாத்தா அந்தக் கவுண்டியின் முதல் கல்விக் கண்காணிப்பாளர். அவருடைய படம் நீதிமன்றக் கட்டடத்தின் நடையில் இன்றும் தொங்குகிறது. அகஸ்டாவின் அப்பா தட்டம்மை கண்டிருந்தபோதும் குதிரையேறிப் பள்ளிக்குப் போனார். அந்த வாரமே பள்ளி முழுவதும் அம்மை பரவியது. மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டில் படுத்துவிட, அவர் மட்டும் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். டெல்மர் வீட்டில் இதை ஒழுங்குக்கு உதாரணமாகத்தான் சொல்வார்கள். அகஸ்டாவும் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. எழுபதை நெருங்கும் வயதிலும் அவருடைய முதுகு எந்த நாற்காலியின் சாய்விலும் பட்டதாக யாரும் பார்த்ததில்லை.

தம்பி நெடுஞ்சாலை லாரி ஓட்டுபவர். அதனால் டெசா அகஸ்டாவிடம் பண்ணை வீட்டில் வளர்ந்தாள். அவள் படித்த பள்ளியைப் பிள்ளைகள் குறைவு என்று மாநிலம் மூடிவிட்டது. அடுத்த பள்ளி மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம். குளிர்காலத்தில் கணவாயையும் மாநிலமே மூடிவிடும். மிச்சமிருந்தது இணையப் பள்ளி. அதுவும் மாநிலத்திடம் அனுமதிச் சாசனம் எழுதி வாங்கிக்கொண்டு அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். கணினித் திரையில் பாடம். அகஸ்டாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே ஆசிரியை திருமதி ஓர்டேகா திரைக்குள்ளிருந்து, "டெசா, நிமிர்ந்து உக்காரு" என்றார். அடுப்படியில் நின்றிருந்த அகஸ்டா அந்தக் குரலைக் கேட்ட பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

சிக்கல் அக்டோபரில், தலையெண்ணும் நாளில் வந்தது. அன்று எந்தப் பள்ளியில் எத்தனை தலை இருக்கிறதோ அதற்குத்தான் அந்த ஆண்டு மாநிலம் பணம் கொடுக்கும். அதனால் அன்று எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் பீட்சா போடுவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையையும் போர்வையோடு தூக்கி வருவார்கள். மறுநாள் பாதி வகுப்பு காலியாக இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

இணையப் பள்ளியிலும் தலையை நேரில்தான் எண்ண வேண்டும் என்று வாரியம் அந்த ஆண்டு முடிவு செய்தது. ஆய்வாளர் டெனிஸ் க்ரம்ப் பள்ளியின் பதிவு பெற்ற முகவரிக்குப் போனார். தலைநகரில், டோனட் கடைக்கும் நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கும் நடுவே, வாடகைக்கு எடுத்த தபால் பெட்டி அது. க்ரம்ப் சாவி வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு விளம்பரத் தாள் இருந்தது. 'மாணவர்கள்: ஒருவரும் இல்லை. கழிப்பறை: இல்லை. அவசர வழி: உண்டு, அகலம் போதாது' என்று அறிக்கை எழுதினார். பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் அன்று வரவில்லை என்று பதிவானது.

பெற்றோர்கள் கூச்சல் போட்டார்கள். வாரியம் பெருந்தன்மையோடு இறங்கி வந்தது. மாணவர் எங்கே உட்காருகிறாரோ அதுவே பள்ளி என்று திருத்தம் கொண்டுவந்து, வீடு வீடாக மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. அப்படித்தான் க்ரம்ப், மாநில முத்திரை பதித்த காரில், டெல்மர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"மேடம், கேட்ல பள்ளிக்கூடப் பலகை இல்லையே?" என்று தொடங்கினார்.

"இது எங்க வீடு."

"போன திங்கக்கிழமை வரைக்கும் வீடு. இப்போ பொதுப் பள்ளி. இது என்ன அறை?"

"சமையலறை."

"அப்போ மதிய உணவுக்கூடம்." அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். "இது என்ன?"

"பீன்ஸும் பன்றித் தொடையும்."

"உப்பு எவ்வளவு போட்டீங்க?"

"வேணுங்கிற அளவு."

'அளவு தெரியவில்லை' என்று க்ரம்ப் எழுதிக்கொண்டார். பிறகு கழிப்பறையைப் பார்த்தார். "ஒண்ணுதானா? ஆம்பளைப் பசங்களுக்கு?"

"இங்க ஆம்பளைப் பசங்க யாரும் படிக்கல."

"படிச்சா?"

"படிச்சா தொழுவத்துக்குப் பின்னால போகட்டும். எங்க அப்பா அங்கதான் போனார். கண்காணிப்பாளர் மகன் அவர்."

க்ரம்ப் அதையும் எழுதினார். டெசா வீட்டில் எங்கே தூங்குகிறாள் என்று கேட்டு, நடையின் அந்தக் கோடியில் என்று தெரிந்ததும் கவலைப்பட்டார்.

"அங்கிருந்து பள்ளிக்கு எப்படி வர்றா?"

"நடந்து."

"யாரும் கூட வராமலா?"

"அத்தை, நாளைல இருந்து என்னை பஸ்ல ஏத்தி விடுங்க" என்றாள் டெசா.

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசறாங்க" என்றார் அகஸ்டா. மாநிலத்தின் பிரதிநிதி எவ்வளவு விநோதமாகப் பேசினாலும் அவருக்கு முன்னால் பிள்ளைகள் வாயடிப்பதை டெல்மர்கள் அனுமதிப்பதில்லை.

தீயணைப்புப் பயிற்சியும் நடந்தது. க்ரம்ப் சட்டைப் பையிலிருந்து விசில் எடுத்து ஊதினார். அகஸ்டா, டெசா, நாய் மூவரும் வரிசையாக வெளியே போய்க் காற்றில் நின்றார்கள். நாய் ஒழுங்காக நின்றதற்காக அதை மட்டும் க்ரம்ப் பாராட்டினார். அன்று அடித்தது நல்ல காற்று அல்ல. அவர்கள் உள்ளே திரும்புவதற்குள் கூரையில் இருந்த, இணைய இணைப்புக்கான டிஷ் தட்டு சாய்ந்துவிட்டது. திரையில் திருமதி ஓர்டேகா இருந்த இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. க்ரம்ப் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணிக்கையைத் தொடங்கினார்.

"டெசா டெல்மர்."

"உள்ளேன்."

க்ரம்ப் திரையை எட்டிப் பார்த்தார். "இல்லையே."

"சார், உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

"நீ இங்க இருக்கம்மா. நான் மறுக்கல. வகுப்புல இருக்கியான்னுதான் கேள்வி."

அகஸ்டா குறுக்கிட்டார். "போன தடவை வகுப்புல இருந்தா. உடம்பு இல்லைன்னீங்க."

"ஆமா மேடம். திரையில தெரியற முகம் வெறும் படம். படம் வந்தா ஆள் வந்ததா அர்த்தம் இல்ல. பிள்ளையோ வாத்தியாரோ அதிகாரியோ, யாரா இருந்தாலும் சரி. எங்க தலைவர் அம்மா இதுல ரொம்பக் கண்டிப்பு. ஒருத்தருக்கு விட்டா அத்தனை பேரும் நுழைஞ்சிருவாங்கம்பாங்க."

அந்த விதி அகஸ்டாவுக்குப் பிடித்திருந்தது. நேரில் வருவதுதான் வருவது. அப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பார். "சரி. இப்போ உடம்பு இருக்கே" என்றார்.

"இப்போ உடம்பு மட்டும்தான் இருக்கு, மேடம்."

"தொட்டு வேணா பாருங்க சார்" என்று டெசா கையை நீட்டினாள்.

"மாணவரைத் தொட எனக்கு அனுமதி இல்ல."

அந்த நேரம் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. திருமதி ஓர்டேகாதான். அகஸ்டா விஷயத்தைச் சொல்லி ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆசிரியையின் குரல் சமையலறை முழுவதும் கேட்டது.

"காலையில இருந்து அவ என் வகுப்புலதான் இருந்தா, ஐயா! பின்னக் கணக்கு போட்டுட்டிருந்தா. இப்பதான் திடீர்னு போயிட்டா!"

க்ரம்ப் தொலைபேசியைப் பதவிசாக வைத்தார். "போயிட்டான்னு டீச்சரே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?"

அனுமதியின்றி வரவில்லை என்று பதிவு செய்தார். பிறகு அகஸ்டா கொடுத்த பீன்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்புவது டெல்மர் வழக்கம் அல்ல. கிளம்பும்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார்.

"இந்த வேலையில சேர்ந்ததுல இருந்து நான் ஒரு பிள்ளையை நேர்ல பாத்ததே இல்ல, மேடம். காகிதத்துலதான். இன்னைக்குத்தான் முதல் தடவை. நல்லா இருந்தது. பின்னக் கணக்கெல்லாம் போடறா." பெருமூச்சு விட்டார். "ஆனா வரலைன்னுதான் எழுதணும்."

அடுத்த வாரம் கவுண்டிக் காவல்துறையின் துணை ஷெரிப் வேட் ஹோல்கம் வந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவன் கையில் ஓர் உறை இருந்தது. அதைக் கொடுக்காமல் அடுப்பைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், நாயிடம் பேசினான்.

"குடுக்க வந்ததைக் குடு, வேட்."

"கோவிச்சுக்காதீங்கம்மா. நான் வரலைன்னா ஷெரிப்பே வருவாரு. அவரு பூட்ஸைக் கழட்ட மாட்டாரு." உறையை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைங்க பேரை நீதிமன்றக் கதவுல ஒட்டச் சொல்லி மாநிலத்துல இருந்து உத்தரவு. மாசக் கடைசிக்குள்ள. கார்டியன் பேரும் சேத்து."

"எந்தக் கதவு?"

"முன் கதவு. உள் பக்கம்."

அந்தக் கதவுக்கு எதிர்ச் சுவரில்தான் தாத்தாவின் படம் இருந்தது. ஒட்டினால் தாத்தா இரவும் பகலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அகஸ்டா உறையைப் பிரிக்காமல் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு, "நீ மூணாங்கிளாஸ் படிக்கறப்போ வாரத்துல பாதி நாள் ஓடையில மீன் பிடிச்சிட்டிருந்தே, வேட்" என்றார்.

"ஆமாம்மா."

"அப்போ யாராவது உன் பேரை ஒட்டினாங்களா?"

"இல்லம்மா. நீங்கதான் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்க." வேட் காதைத் தடவிக்கொண்டான். "மேல்முறையீடு பண்ணலாம்மா. வாரியத்துக்கு முன்னால. இங்க இருந்தே கம்ப்யூட்டர்ல பேசிடலாம்னு போட்டிருக்கு."

"டெல்மர் பேரைக் காப்பாத்த நான் படமாப் போறதா?" என்றார் அகஸ்டா. "நேர்ல போறேன்."

"அத்தை, நேர்ல யாரும் போறதில்ல" என்றாள் டெசா.

"அதனாலதான் நாடு இப்படி இருக்கு."

விடியும் முன்பே கிளம்பினார்கள். கணவாய் அந்த வருடம் இன்னும் மூடப்படவில்லை. அகஸ்டா தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டார். டெசாவின் மடியில் வாரியத்துக்காகச் சுட்ட ஆப்பிள் பை என்ற பலகாரம் இருந்தது. லஞ்சம் இல்லை. ஓர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது, அவ்வளவுதான்.

தலைநகரில் வாரியத்தின் கூட்டரங்கு பளிங்குத் தரையோடு பெரிதாக இருந்தது. கதவு பூட்டியிருந்தது. தட்டியதும் ஒரு காவலாளி வந்தார். சட்டையில் ஆல்வின் என்று தைத்திருந்தது.

"வாரியக் கூட்டத்துக்கு வந்திருக்கோம்" என்றார் அகஸ்டா.

ஆல்வின் அவருடைய தொப்பியைப் பார்த்தார், ஆப்பிள் பையைப் பார்த்தார். "நிஜமாவா?"

"ஏன், இன்னைக்கு இல்லையா?"

"இன்னைக்குத்தான். ஆனா ஆளுங்க வந்து நான் பாத்ததே இல்லைங்க." விளக்குகளைப் போட்டார். மேடையில் ஐந்து தோல் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னும் பித்தளைப் பெயர்ப்பலகை. நாற்காலிகளுக்குக் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. பின்சுவரில் ஒரு பெரிய திரை.

அகஸ்டா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டெசாவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேரம் வந்ததும் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் தோன்றின. தலைவர் திருமதி ஃபிட்ச் ஏரிக்கரை வீட்டில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஹாலோவே என்ற உறுப்பினர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். டன்பார் என்ற உறுப்பினர் இருக்கும் கட்டத்தில் மேற்கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. நான்காவது கட்டம் கறுப்பாக இருந்தது. ஐந்தாவதில் ஒருவர் இமைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அப்படியேதான் சிரித்தார். ஓரத்தில் சிறிய கட்டத்தில் க்ரம்ப் இருந்தார். டெசாவைப் பார்த்ததும் கையசைத்துவிட்டு, உடனே கையைக் கீழே போட்டார்.

திருமதி ஃபிட்ச் தொடக்க உரை ஆற்றினார்.

"நம்ம பிள்ளைங்க எதிர்காலம் நம்ம கையில இருக்கு. அதனாலதான் இந்த வாரியம் உறுதியா நிக்குது. திரையில ஒரு முகத்தைப் பாத்து, இவங்க இங்கதான் இருக்காங்கன்னு எப்படி நம்பறது? மேல ஒழுங்கா சட்டை போட்டிருப்பாங்க, கீழ என்ன போட்டிருக்காங்கன்னு தெரியுமா? கவனம் எங்க இருக்குன்னு தெரியுமா?" ரொட்டியைக் கடித்தார். "பொதுமக்கள் பணம். ஒரு சல்லிக்காசுகூட வராதவங்களுக்குப் போகக் கூடாது. ஹாலோவே, சிகப்பு விளக்கு, சிகப்பு விளக்கு!"

ஹாலோவேயின் கார் கிறீச்சிட்டு நின்றது. உறுப்பினர்கள் கை தட்டினார்கள். மின்விசிறி சுற்றியது.

"டெல்மர் மேல்முறையீடு. அவங்க வந்திருக்காங்களா?"

அகஸ்டா எழுந்தார். "வந்திருக்கேன். கூட்டம் எப்போ தொடங்கும்னு தெரிஞ்சா நல்லது."

"தொடங்கிடுச்சேம்மா."

அகஸ்டா மேடையில் இருந்த ஐந்து நாற்காலிகளையும் பார்த்தார். "இன்னும் யாரும் வரலையே."

"நாங்கதான் இருக்கோமே!"

"எங்க?"

கேலியாக அவர் கேட்கவில்லை. பெரிய இடத்தில் கேலி பேசும் குடும்பம் அல்ல அது. "மன்னிக்கணும். திரையில தெரியறது படம்னு உங்க ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தாரு. யாரா இருந்தாலும் சரின்னாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. எங்க ஊர் நீதிமன்றத்துல எங்க தாத்தா படம் இருக்கு. போகும்போது வரும்போது வணங்கிட்டுப் போவேன். அதோட வழக்கு பேசினதில்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் காத்திருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திருமதி ஃபிட்சின் வெண்ணெய்க் கத்தி பாதியில் நின்றது. "க்ரம்ப்! அந்த விதி பிள்ளைங்களுக்குத்தானே?"

"முதல்ல அப்படித்தான் இருந்தது, மேடம்" என்றார் க்ரம்ப் மெல்லிய குரலில். "யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. போன கூட்டத்துல கை தட்டினாங்க."

"அப்படின்னா நாம வரலையா?" என்றது மேற்கூரை.

"வந்திருக்கோம், டன்பார்!"

"நாம வந்திருந்தா அந்தப் பொண்ணும் முதல் எண்ணிக்கையில வந்திருக்கா" என்றார் ஹாலோவே, காரின் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டபடி. "நாம வரலைன்னா, நாம போட்ட விதி எதுவும் விதியே இல்ல. கூட்டத்துக்கு வந்ததுக்கு வாங்கின படியையும் திருப்பிக் குடுக்கணும்."

திருமதி ஃபிட்ச் கத்தியைக் கீழே வைத்தார். வாரியம் உருவான நாளிலிருந்து உறுப்பினர்கள் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"ஓட்டெடுப்பு விடுவோம்" என்றார் திருமதி ஃபிட்ச். "வாரியம் இங்கே வந்திருக்கிறது என்ற தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க?"

திருமதி ஃபிட்ச் கை தூக்கினார். மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. இதில் தனக்குச் சொந்த ஆதாயம் இருப்பதால் வாக்களிப்பது முறையல்ல என்று ஹாலோவே ஒதுங்கிக்கொண்டார். கறுப்புக் கட்டத்தைப் பலமுறை கூப்பிட்டார்கள், பதில் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது போட்டோ" என்றாள் டெசா.

ஐந்து பேரில் இரண்டு பேர்தான் ஆதரவு. தீர்மானம் தோற்றது. தான் வரவில்லை என்று வாரியம் தானே முடிவு செய்துவிட்டது. "இது செல்லாது! நாம இல்லாதப்போ எப்படி ஓட்டுப் போட முடியும்?" என்று திருமதி ஃபிட்ச் கத்தினார். அந்த நேரம் ஏரிப்பக்கம் காற்றடித்திருக்க வேண்டும். அவர் முகம் வாய் திறந்தபடியே உறைந்தது. பிறகு ஒரு வட்டம் சுற்றியது. பிறகு திரை இருண்டது.

யாரும் போகச் சொல்லாததால் அகஸ்டா போகவில்லை. மதியம் கடந்தது. ஆல்வினுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுல சின்னது ரெண்டும் கம்ப்யூட்டர்லதான் படிக்குதுங்க" என்றார் ஆல்வின், வாயில் பலகாரத்தோடு. "வரலைன்னு எங்களுக்கும் காகிதம் வந்தது. கட்டிலுக்கு அடியிலகூடத் தேடிப் பாத்தேன். ரெண்டும் சோபாவுல உக்காந்திருந்துச்சுங்க."

மாலையானதும் அவர் சங்கடத்தோடு சாவியைக் குலுக்கினார். "பூட்டணும்மா."

"பூட்டலாம். முதல்ல வருகை எடுத்துடுவோம். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அகஸ்டா மேடையின் முன்னால் போய் நின்றார். பித்தளைப் பலகைகளில் இருந்த பெயர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, தாமதமாக வருகிறவர் ஓடி வந்து உட்காரும் அளவுக்கு நேரம் கொடுத்தார். "வரவில்லை" என்றார். மறுபடி "வரவில்லை" என்றார். ஐந்தும் முடிந்தன. பிறகு திரும்பி, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு, "டெசா டெல்மர்" என்றார்.

"உள்ளேன், அத்தை."

அந்தச் சொல் பளிங்குத் தரையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆல்வின் கை தட்டினார். பிறகு விளக்கை அணைத்தார்.

மாதக் கடைசியில் வேட் வந்தான். இந்த முறை அடுப்பையும் பார்க்கவில்லை, நாயிடமும் பேசவில்லை. வாரியம் தன் கூட்டத்துக்குத் தானே வந்ததா இல்லையா என்று உறுதி செய்யும்வரை மாணவி டெசா டெல்மர் வந்தவராகவே கருதப்படுவார் என்று மாநிலத்திலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னான். பள்ளியின் மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படியே. நீதிமன்றக் கதவில் எதுவும் ஒட்டப்படவில்லை. தாத்தா எதிரே இருக்கும் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செல்வி அகஸ்டா டெல்மர் தனியாளாகத் தலைநகருக்குப் போய் வாரியத்தையே கலைத்துவிட்டு வந்தார் என்று ஆஷ்பெர்ரியில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. கலைப்பதற்கு அங்கே யாரும் இருக்கவில்லை.